டெட்வுமன்

டெட்வுமன் என்பது ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டெட் அமைப்பு, பெண்களின் கருத்துக்களையும் பணிகளையும் முதன்மைப்படுத்தி நடத்தும் பேச்சு மாநாடு ஆகும். இதன் முதல் மாநாடு 2010 ஆம் ஆண்டு டிசம்பர் 7, 8 ஆகிய நாட்களில் வாஷிங்டன் டி. சி. நகரில் நடைபெற்றது. அரசியல், மருத்துவம், காவல்துறை, நிதி, எந்திரனியல், கலை எனப் பல துறைகளில் சாதனை புரிந்த பெண்கள் இம்மேடையில் உரையாற்றியுள்ளனர். ஆண் பேச்சாளர்களும் அழைக்கப்படுவதுண்டு. பெண்களுக்கெனத் தனி மேடை தேவையா என்ற கேள்வி இம்மாநாடு அறிவிக்கப்பட்ட நாள் முதலே எழுப்பப்பட்டு வந்துள்ளது.

பின்னணி

டெட் மாநாடு 1984 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் முதன்முறையாக நடைபெற்றது. தொழில்நுட்பம், பொழுதுபோக்கு, வடிவமைப்பு ஆகிய மூன்று சொற்களுக்குரிய ஆங்கில முதலெழுத்துக்களின் சேர்க்கையே இதன் பெயராகும். 1990 முதல் இது ஆண்டுதோறும் நடைபெறலாயிற்று. ஒவ்வொரு பேச்சாளருக்கும் அதிகபட்சமாக 18 நிமிடங்கள் வழங்குவது இம்மாநாட்டின் மரபு. அழைக்கப்பட்டோர் மட்டுமே கேட்டுவந்த இப்பேச்சுக்கள் 2006 ஆம் ஆண்டு முதல் இணையத்தில் இலவசமாக வெளியிடப்பட்டன. அதன் பின்னரே இவை உலகெங்கும் பரவின.

2010 ஆம் ஆண்டுக்கு முன்னர் டெட் மேடையில் பெண்கள் பேசியதில்லை எனக் கூற இயலாது. மூளை அறிவியலாளர் ஜில் போல்ட் டெய்லர் தமக்கு ஏற்பட்ட பக்கவாதம் பற்றி 2008 இல் ஆற்றிய உரையும், நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சி 2009 இல் ஆற்றிய உரையும் மிகப் பெரும் எண்ணிக்கையிலானோரால் பார்க்கப்பட்டவை. 2009 நவம்பரில் மைசூரில் நடைபெற்ற டெட்இந்தியா மாநாட்டில், ஆள் கடத்தலுக்கு எதிராகப் போராடிவரும் சுனிதா கிருஷ்ணன், நடனக் கலைஞர் மல்லிகா சாராபாய் ஆகியோர் உரையாற்றினர். எனினும், பெண்களின் அனுபவத்தை மையமாகக் கொண்ட தனி மாநாடு 2010 வரை நடத்தப்படவில்லை.

டெட்வுமன் மாநாட்டை டெட் அமைப்பும் பேலி ஊடக மையமும் இணைந்து தொடங்கின. அப்போது பேலி மையத்தின் தலைவராக இருந்த பாட் மிட்செல் இதன் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். இவர் அமெரிக்கப் பொது ஒளிபரப்புச் சேவையின் முதல் பெண் தலைவராகப் பணியாற்றியவர்.

முதல் மாநாடு (2010)

அரசியலும் அரசுப்பணியும்

ஐக்கிய அமெரிக்காவின் முதல் பெண் வெளியுறவுச் செயலாளரான மேடலின் ஆல்பிரைட் (1937–2022) பாட் மிட்செலுடன் மேடையில் உரையாடினார். 1993 இல் அவர் ஐக்கிய நாடுகள் அவைக்கான தூதராகச் சென்றபோது, 183 உறுப்பு நாடுகளில் அவரையும் சேர்த்து ஏழு நாடுகளின் தூதர்களே பெண்களாக இருந்தனர். அவ்வெழுவரும் ஒரு குழுவாக இணைந்து, போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் பெண் நீதிபதிகள் இடம்பெற வேண்டும் என வலியுறுத்தினர். பெண்கள் தொடர்பான பிரச்சினைகளை மென்மையானவை என ஒதுக்கும் வழக்கத்தை மறுத்த ஆல்பிரைட், அவை வாழ்வா சாவா என்னும் பிரச்சினைகள் என்பதால் அவையே மிகக் கடினமானவை என்றார். ஈராக்கிய ஊடகங்கள் தம்மைப் பாம்பு எனத் தூற்றியபோது பாம்பு வடிவ உடையூசி அணிந்து சென்றதையும் அவர் நினைவுகூர்ந்தார்.

இந்தியாவிலிருந்து கிரண் பேடி கலந்துகொண்டார். 1972 இல் இந்தியக் காவல் பணியில் இணைந்த முதல் பெண் அதிகாரியான இவர், 1993 முதல் 1995 வரை தில்லி திகார் சிறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் அடைக்கப்பட்டிருந்த அச்சிறையில் கல்வி, தியானம், கைதிகளின் முறையீட்டுப் பெட்டி ஆகியவற்றை அறிமுகப்படுத்தியதை அவர் விளக்கினார். தண்டிப்பதற்கு மட்டுமன்றித் தடுப்பதற்கும் திருத்துவதற்கும் அதிகாரம் பயன்பட வேண்டும் என்பதே அவரது உரையின் மையக் கருத்தாகும். இவர் பின்னர் 2016 முதல் 2021 வரை புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராகப் பதவி வகித்தார்.

மருத்துவம்

சோமாலிய மகப்பேற்று மருத்துவர் ஹவா அப்தி (1947–2020) தம் மகளும் மருத்துவருமான டெக்கோ முகமதுவுடன் மேடையேறினார். மொகடிசு நகருக்கு வெளியே தம் குடும்ப நிலத்தில் அவர் தொடங்கிய சிறு மருத்துவமனை, உள்நாட்டுப் போரினால் இடம்பெயர்ந்த பல்லாயிரக்கணக்கான மக்கள் வாழும் முகாமாக வளர்ந்தது. அங்கு இரண்டு விதிகள் கண்டிப்பாகப் பின்பற்றப்பட்டன. குல வேறுபாடு பாராட்டக்கூடாது என்பது முதல் விதி. மனைவியை அடிக்கும் கணவன் சிறைவைக்கப்படுவான் என்பது இரண்டாவது விதி. மாநாட்டிற்குச் சில மாதங்கள் முன்னர், 2010 மே மாதத்தில், ஆயுதக் குழுவொன்று மருத்துவமனையைத் தாக்கி நிருவாகத்தைத் தம்மிடம் ஒப்படைக்கக் கோரியது. அப்தி மறுத்துவிட்டதோடு, அக்குழுவிடமிருந்து எழுத்து வடிவில் மன்னிப்பும் பெற்றார்.

மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த டெபோரா ரோட்ஸ், மார்பகப் புற்றுநோய் கண்டறிதல் பற்றிப் பேசினார். மார்பகத் திசு அடர்த்தியாக உள்ள பெண்களுக்கு எக்ஸ் கதிர்ப் படத்தில் திசுவும் கட்டியும் ஒருங்கே வெள்ளையாகத் தோன்றுவதால், கட்டி கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. இக்குறையைப் போக்க இயற்பியலாளர்களுடன் இணைந்து காமா கதிர்ப் படக்கருவி ஒன்றை அவரது குழு உருவாக்கியது. அடர்ந்த திசுவுடையோரிடத்தில் இக்கருவி வழக்கமான முறையைப் போல் மூன்று மடங்கு கட்டிகளைக் கண்டறிந்ததாக அவர் தெரிவித்தார். தமது திசு அடர்த்தியை ஒவ்வொரு பெண்ணும் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும் என்றும் வலியுறுத்தினார். இவ்வடர்த்தி பற்றிய தகவலைப் பரிசோதனைக்கு வரும் பெண்களுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி ஐக்கிய அமெரிக்கா முழுவதும் 2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது.

நிதியும் தொழிலும்

அப்போது பேஸ்புக் நிறுவனத்தின் தலைமை இயக்க அலுவலராக இருந்த ஷெரில் சாண்ட்பர்க், உயர்பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதன் காரணங்களை ஆராய்ந்தார். 190 நாட்டுத் தலைவர்களுள் ஒன்பது பேரே பெண்கள் என்றும், உலக நாடாளுமன்ற உறுப்பினர்களுள் 13 விழுக்காட்டினரே பெண்கள் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஒதுங்கி நில்லாது கூட்டத்தில் முன்னிருக்கையில் அமர்தல், வீட்டுப் பொறுப்பைக் கணவருடன் சமமாகப் பகிர்தல், பணியை விட்டு உண்மையாகவே விலகும் நாள் வரை மனத்தளவில் விலகாதிருத்தல் ஆகிய மூன்றும் அவரது அறிவுரைகள். விமானம் ஏறப் புறப்பட்டபோது தம் சிறு மகள் காலைப் பற்றிக்கொண்டு போகவேண்டாம் என அழுததையும் அவர் கூறினார். புள்ளிவிவரங்களை மட்டும் கூற எண்ணியிருந்த தம்மை, இந்நிகழ்ச்சியையும் மேடையில் சொல்லுமாறு ஊக்கியவர் பாட் மிட்செல் என்பதை 2013 ஆம் ஆண்டு மாநாட்டில் அவர் வெளிப்படுத்தினார்.

ஐஸ்லாந்தின் ஹல்லா தோமஸ்டோட்டிர், 2008 இல் தம் நாட்டின் வங்கிகள் வீழ்ந்தபோதும் தாமும் மற்றொரு பெண்ணும் இணைந்து நிறுவிய நிதி நிறுவனம் நிலைத்து நின்றதை விளக்கினார். புரியாத ஒன்றில் முதலீடு செய்யாமை, நேரடியான எளிய பேச்சு ஆகியவை அந்நிறுவனம் கடைப்பிடித்த நெறிகளுள் அடங்கும்.

பிற உரைகள்

எந்திரனியலாளர் சிந்தியா பிரீசீல் மனிதருடன் பழகும் எந்திரன்கள் பற்றியும், எழுத்தாளர் நவோமி கிளைன் இடர்களைத் துணிந்து ஏற்கும் பண்பாடு பற்றியும் உரையாற்றினர். சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் (1948–2017) சலவை இயந்திரத்தைப் பொருளாகக் கொண்டார். உலகின் 700 கோடி மக்களுள் 500 கோடிப் பேரின் துணிகள் கையாலேயே துவைக்கப்படுகின்றன என்றும், அவ்வேலை பெண்கள் மீதே விழுகிறது என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். இயந்திரம் வந்தபின் தம் தாய்க்குக் கிடைத்த நேரமே தமக்கு நூலகத்தின் கதவைத் திறந்தது என்று அவர் கூறியது பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது.

பிந்தைய மாநாடுகள்

2011, 2012 ஆகிய ஆண்டுகளில் இந்நிகழ்வு டெட்எக்ஸ்வுமன் என்ற பெயரில் நடைபெற்றது. பின்னர் சான் பிரான்சிஸ்கோ (2013, 2016), மான்டரே (2015), நியூ ஓர்லியன்ஸ் (2017), பாம் ஸ்பிரிங்ஸ் (2018, 2019, 2021), அட்லாண்டா (2023) ஆகிய நகரங்களில் மாநாடுகள் நடைபெற்றன. கொரோனா பெருந்தொற்றின் காரணமாக 2020 ஆம் ஆண்டு மாநாடு இணையவழியாக நடத்தப்பட்டது.

2015 இல் மலாவி நாட்டின் மெமரி பண்டா சிறார் திருமணத்திற்கு எதிரான தமது போராட்டத்தை விவரித்தார். அவரது தங்கை 11 வயதிலேயே திருமணம் செய்துவைக்கப்பட்டவர். மலாவியில் பெண்களின் திருமண வயதை 18 ஆக உயர்த்தும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. 2016 இல் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா, இன ஒடுக்குமுறையும் பாலின ஒடுக்குமுறையும் ஒருவர் மீதே குறுக்கிடும் நிலை பற்றிப் பேசினார். அவர் அவையோரை எழுந்து நிற்கச் செய்து, காவல்துறையினரால் உயிரிழந்த கறுப்பினத்தவரின் பெயர்களை வாசித்தார். அறியாத பெயர் ஒன்றைக் கேட்டவுடன் அமருமாறு கேட்டுக்கொண்டார். ஆண்களின் பெயர்களுக்குப் பலர் நின்றனர். பெண்களின் பெயர்கள் வந்தபோது பெரும்பாலோர் அமர்ந்துவிட்டனர். 2018 இல் மீ டூ இயக்கத்தைத் தொடங்கிய டாரனா பர்க் உரையாற்றினார்.

விமர்சனங்கள்

முதல் மாநாடு அறிவிக்கப்பட்டபோது பெண் எழுத்தாளர்களிடமிருந்தே எதிர்ப்பு எழுந்தது. முதன்மை மாநாட்டில் பெண் பேச்சாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே முறை என்றும், தனி மாநாடு பெண்களை ஓரத்திற்குத் தள்ளிவிடும் என்றும் அவர்கள் வாதிட்டனர். ஆதரவாளர்களோ, பொது மேடையில் தனிப்பட்ட விடயம் எனக் கருதப்பட்டு விடுபடும் அனுபவங்கள் தனி மேடையில் பொதுப் பிரச்சினையாகப் பேசப்படுகின்றன என்றனர். சாண்ட்பர்க்கின் மகள் பற்றிய நிகழ்ச்சி இதற்குச் சான்றாகக் கொள்ளத்தக்கது.

2013 இல் எழுத்தாளர் ஜெசிக்கா வலென்டி, பெண்ணுரிமை பேசும் மேடையில் கருக்கலைப்பு பற்றிய உரைகள் இல்லாததைச் சுட்டிக்காட்டினார். இது பெரும் விவாதமாகியது. 2015 மாநாட்டில் ஆஸ்பென் பேக்கர் அப்பொருள் குறித்து உரையாற்றினார்.

சாண்ட்பர்க்கின் கருத்துக்களும் மறுப்புக்கு உள்ளாயின. அவரது உரையிலிருந்து வளர்ந்த லீன் இன் என்னும் நூல் 2013 இல் வெளியானது. பெண்கள் தம்மை மாற்றிக்கொண்டால் போதும் என்பதுபோல் அந்நூல் அமைந்துள்ளது என்றும், குறைந்த ஊதியம் பெறும் பெண்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் இவ்வறிவுரை பொருந்தாது என்றும் பெண்ணிய அறிஞர் பெல் ஹூக்ஸ் உள்ளிட்டோர் எழுதினர். 2018 இல் மிஷெல் ஒபாமாவும் அவ்வழிமுறை எப்போதும் பயன் தருவதில்லை என்று கூறினார்.

தாக்கம்

மாநாட்டு அரங்கில் கட்டணம் செலுத்தி அமர்வோர் சிலரே. ஆயினும் உரைகளின் நிகழ்படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2009 இல் தொடங்கப்பட்ட தன்னார்வ மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியாக டெட் உரைகளுக்குத் தமிழ் உட்படப் பல மொழிகளில் துணையுரைகள் எழுதப்பட்டு வருகின்றன.

முதல் மாநாட்டில் பேசிய தோமஸ்டோட்டிர் 2016 இல் ஐஸ்லாந்து குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். 2024 ஜூன் மாதம் நடைபெற்ற தேர்தலில் வெற்றி பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு 1 அன்று பதவியேற்றார். விக்டிஸ் பின்போகாடோட்டிருக்குப் பின்னர் அந்நாட்டில் இப்பதவியை ஏற்ற இரண்டாவது பெண் இவராவார்.