பெயர் எழுதப்பட்ட கல்லும் ஏடும்



தருமபுரி நகரிலுள்ள அகழ்வைப்பகத்தின் நடுகற்களை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அவற்றுள் பழமையானவை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. அரசனின் ஆட்சியாண்டு முதலில் வரும். பின்பு ஓர் ஊரும் ஒரு மனிதனின் பெயரும் வரும். தொறு மீட்கையில் அவன் பட்டான் என்ற செய்தி இறுதியில் நிற்கும். தொறு என்பது மாட்டுமந்தை. ஊராரின் மாடுகளுக்காக உயிர்விட்ட எளியவனின் பெயரை ஊரார் அழியவிடவில்லை.

இங்கிலாந்திலும் எளியோரின் பெயர்கள் காக்கப்பட்டன. அங்கே நாட்டுப்புறத் திருச்சபை ஒன்றின் எல்லைக்குள் பல சிற்றூர்கள் அடங்கியிருக்கும். நமது குருசேகரமும் அதன் கிளைச் சபைகளும் போலவே. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஒவ்வொரு திருச்சபையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று 1538-இல் ஆணை பிறந்தது. அவ்வேடுகள் எஞ்சியுள்ள ஊர்களில், நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கூலியாளின் பெயரையும் இன்று வாசிக்க முடிகிறது.

நமது மண்ணின் கதை வேறு. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியாரின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும், தருமபுரியில் தங்கிப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் வயல்வயலாக நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். அந்தக் கணக்கு வரிக்காக எழுதப்பட்டது. நிலமற்றவனுக்கு அதில் என்ன இடம்?

பின்பு 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் வந்தது. அன்றைய சேலம் மாவட்டத்தில் தருமபுரியும் அடங்கியிருந்தது. அதன் மக்கள்தொகை 1871-இல் 19,66,995, 1881-இல் 15,99,595. மாண்டவர் உண்டு, பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போனவரும் உண்டு. எண்ணிக்கை நம்மிடம் இருக்கிறது, பெயர்கள் இல்லை. அவர்களுக்கு யார் கல் நட்டார்கள்?

இலண்டன் மிஷன் 1827-இல் சேலத்தில் ஊழியம் தொடங்கியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. இத்தனை தலைமுறைகள் கடந்தும் நம் ஏடுகளை நாம் எப்படிக் காத்தோம்? மூதாட்டி ஒருவர் தம் தாயார் அடக்கம்பண்ணப்பட்ட நாளைக் கேட்டு என்னிடம் வந்தார். பழைய பதிவேட்டைத் திறந்தேன். அந்தப் பக்கத்தைக் கரையான் அரித்திருந்தது. "பரவாயில்லை ஐயா, ஆண்டவருக்குத் தெரியும்" என்று சொல்லி அவர் எழுந்து போனார். எனக்கோ தலை நிமிரவில்லை. ஏட்டைக் காக்கவேண்டிய பொறுப்பு ஆயர்களாகிய எங்களுடையது.

ஆம், ஆண்டவருக்குத் தெரியும். நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பேர்சொல்லி அழைக்கிறவர். ஆனால் அவர் நினைத்திருக்கிறார் என்பதனால் நாம் மறந்துவிடலாகாது. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் கில்காலில் பன்னிரண்டு கற்களை நாட்டியது, பின்வரும் பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்வதற்காகவே.

ஆகையால் பிரியமானவர்களே, வரும் ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது, உங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டு, முதன்முதல் விசுவாசத்திற்குள் வந்தவரின் பெயரையும் ஊரையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கிளைச் சபைக்கு ஒரு புதிய ஏடு திறப்போம். சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், நெடுங்காலம் இருக்கமாட்டார்கள்.

மறக்கப்பட்டவர்களை மறவாத தேவன் நம்மையும் உண்மையுள்ள கணக்கராக்குவாராக. ஆமென்.