ஈய பேட்டரியா, லித்தியமா? கோல்ஃப் டிராலிக்கும் தோட்டத்துக் கைவண்டிக்கும் எது சரி?

கடை மேசையில் இரண்டு பேட்டரிகள். இரண்டிலும் 12 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கிறது. ஒன்றைத் தூக்க இரண்டு கை வேண்டும். இன்னொன்றை ஒரு கையில் தூக்கிவிடலாம், ஆனால் விலை மூன்று மடங்குக்கும் மேல். "எது நல்லது அண்ணே?" என்று கேட்டால், "லித்தியம் எடுங்க, ரெண்டாயிரம் தடவை சார்ஜ் போடலாம்" என்பார் கடைக்காரர்.

அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த இரண்டாயிரம் உங்களுக்குப் பயன்படுமா என்பதுதான் கேள்வி. வாரம் ஒருமுறை கோல்ஃப் ஆடுபவருக்கு ஒரு பதில், கோல சிலாங்கூர் பக்கம் செம்பனைக் குலைகளை மின் கைவண்டியில் தள்ளுபவருக்கு வேறு பதில். இருவரிடமும் இருப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான்தான்: ஒரு சின்ன மோட்டார், சில சக்கரங்கள், ஒரு பேட்டரி.

இதை ஏன் இங்கே பேசுகிறோம்?

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் தொடங்கியது. இடம், பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் தெனமாரம் தோட்டம். தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் மரத்திலிருந்து விழும் குலையைச் சாலை ஓரம் கொண்டு வந்து சேர்ப்பது உடம்பை முறிக்கும் வேலைதான். ஒரு குலையே 20 கிலோ இருக்கும். ஈஜோக்கிலோ புக்கிட் ரோத்தானிலோ உங்கள் தாத்தா தோட்டத்தில் வேலை செய்திருந்தால் இதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தும் நமக்கு அந்நியமில்லை. துரைமார் காலத்து கிளப்புகளில் பை தூக்கிய 'கேடி'களில் தோட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். அந்தப் பையை இன்று பல இடங்களில் மின் டிராலி சுமக்கிறது.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

ஈய-அமில பேட்டரி பழைய ஆள். பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளான்டே 1859-இல் கண்டுபிடித்தது. ஒவ்வொரு அறையும் 2 வோல்ட் தரும். ஆறு அறை சேர்ந்தால் 12. டிராலிக்கு வருவது மூடி வைத்த வகை, தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

லித்தியம் என்ற பெயரில் பல வகைகள் உண்டு. டிராலிக்கும் கைவண்டிக்கும் நீங்கள் கேட்க வேண்டியது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், சுருக்கமாக எல்எஃப்பி. ஜான் குட்இனஃப் குழுவினர் 1997-இல் இந்த வேதிப்பொருளைப் பற்றி வெளியிட்டார்கள். லித்தியம் பேட்டரி ஆய்வுக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதன் ஒரு அறை 3.2 வோல்ட். நான்கு சேர்ந்தால் 12.8. அதனால்தான் 12 வோல்ட் டிராலியில் பொருந்துகிறது.

கைப்பேசியிலும் பல மின் சைக்கிள்களிலும் இருப்பது வேறு வகை லித்தியம். அதே எடைக்கு அதிக மின்சாரம் வைத்திருக்கும், ஆனால் சூட்டைத் தாங்கும் திறன் எல்எஃப்பியைவிடக் குறைவு. வோல்டேஜ் கணக்கும் 12-க்குச் சரியாக வராது. "பழைய சைக்கிள் பேட்டரியைப் பிரித்து மாட்டித் தர்றேன்" என்று யாராவது சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அட்டையில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

வோல்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். வருவது வாட்-மணி. அதுதான் பேட்டரிக்குள் இருக்கும் மொத்தச் சரக்கு.

12 வோல்ட், 22 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி: 264 வாட்-மணி. 12.8 வோல்ட், 16 ஆம்பியர்-மணி எல்எஃப்பி: சுமார் 205 வாட்-மணி. பார்த்தால் ஈயம்தான் பெரியது. ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் நிம்மதியாகப் பயன்படுத்தக்கூடியது சுமார் 132 வாட்-மணி. எல்எஃப்பியில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம், அதாவது சுமார் 164. சின்ன எண் போட்டதுதான் அதிகம் உழைக்கிறது.

இன்னொரு விஷயம். ஈய பேட்டரியில் எழுதியிருக்கும் அளவு வழக்கமாக 20 மணி நேரம் மெதுவாக மின்சாரம் எடுத்தால் கிடைப்பது. மேட்டில் ஏறும் டிராலி அப்படி மெதுவாக எடுக்காது. வேகமாக எடுத்தால் கிடைக்கும் மொத்தமும் குறையும். கடைசிச் சில குழிகளில் டிராலி மூச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம்.

எல்எஃப்பி அப்படிச் சோர்வதில்லை, கடைசி வரை ஒரே வேகம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வோல்டேஜ் கிட்டத்தட்ட இறங்காததால், பழைய டிராலியின் விளக்குகள் "இன்னும் நிறைய இருக்கு" என்றே காட்டிக்கொண்டிருக்கும். பிறகு முன்னறிவிப்பே இல்லாமல் படக்கென்று நின்றுவிடும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடுவதே காரணம்.

எடையைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. 22 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 7 கிலோ பக்கம் வரும். மேலே சொன்ன எல்எஃப்பி சுமார் 2 கிலோ. முதுகு வலி உள்ளவர், காரிலிருந்து டிராலியைத் தனியாக இறக்குபவர் என்றால் இதுவே முடிவுக்குப் போதும்.

உண்மையான கணக்கு

இப்போது அந்த இரண்டாயிரத்துக்கு வருவோம். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஈய பேட்டரி 250 ரிங்கிட், 300 தடவை சார்ஜ் தாங்கும் என்று வைப்போம். எல்எஃப்பி 900 ரிங்கிட், 2,000 தடவை.

வாரம் ஒருமுறை ஆடுபவர் ஆண்டுக்கு 52 தடவை சார்ஜ் போடுவார். 2,000 தடவை முடிய 38 ஆண்டு ஆகும்! எந்த பேட்டரியும் அவ்வளவு காலம் இருக்காது. வயதானாலே தேய்ந்துவிடும். அவருடைய ஈய பேட்டரியும் சார்ஜ் எண்ணிக்கையால் சாகாது, நம் வெயிலால்தான் சாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு ஆண்டுக்கு ஒன்று மாற்றினாலும் ஆறு ஆண்டில் மூன்று பேட்டரி, 750 ரிங்கிட். லித்தியத்தைவிட இன்னும் குறைவுதான். அவர் லித்தியம் வாங்கினால் மிச்சப்படுத்துவது பணத்தை அல்ல, முதுகை. அதுவும் நியாயமான காரணமே. ஆனால் காரணம் எது என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இப்போது தோட்டத்துக் கைவண்டி. வாரம் ஆறு நாள், ஆண்டுக்கு சுமார் 300 தடவை. ஈய பேட்டரி ஒரே ஆண்டில் முடிந்துவிடும். ஆறு ஆண்டுக்கு ஆறு பேட்டரி, 1,500 ரிங்கிட். எல்எஃப்பி அதே ஆறு ஆண்டும் உழைத்தால் 900. வண்டி பெரியது, பேட்டரியும் பெரியது என்றால் இரண்டு தொகையும் சேர்ந்தே ஏறும். கணக்கின் போக்கு மாறாது.

ஆக, விலை கூடிய பேட்டரியால் அதிக லாபம் அடைபவர் கோல்ஃப் ஆடுபவர் அல்ல, குலை தள்ளுபவர். ஆனால் ஒரே நேரத்தில் 900 ரிங்கிட் எடுத்து வைப்பது யாருக்குக் கஷ்டம்? அவருக்குத்தான். "இப்போதைக்கு இது போதும்" என்று மலிவானதை வாங்கி, ஆண்டுதோறும் மறுபடி மறுபடி வாங்குகிறார். உங்கள் அப்பாவோ மாமாவோ அந்த நிலையில் இருந்தால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். சிறுதோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்க முடியுமா, தவணை கிடைக்குமா என்று கேட்டுப் பார்ப்பதும் வீணில்லை.

எடை பெரிய பிரச்சனையாக இல்லாத இடமும் உண்டு. சிலாங்கூர் ஆற்றில் பெரெம்பாங் மரங்களில் மினுக்கும் மின்மினிகளைப் பார்க்க, கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் போவார்கள். கம்போங் புக்கிட் பெலிம்பிங் பக்கம் சத்தமில்லாத மின் மோட்டார் படகு. படகின் அடியில் கனமான ஈய பேட்டரி கிடந்தால் பெரிய தொல்லை இல்லை. அதே கனம் சேற்றில் இறங்கும் கைவண்டிக்குப் பகை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கார் பேட்டரி வேண்டாம். கார் பேட்டரி சில நொடிகள் பலமாகத் தள்ளி எஞ்சினைக் கிளப்பவே செய்யப்பட்டது. உள்ளே மெல்லிய தகடுகள். அடிக்கடி ஆழமாகக் காலி செய்தால் சீக்கிரம் படுத்துவிடும். 'டீப் சைக்கிள்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

எத்தனை ஆம்பியர் தொடர்ந்து தரும் என்று கேளுங்கள். மலிவான லித்தியம் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று, மேட்டில் மோட்டார் இழுக்கும்போது துண்டித்துவிடும். உங்கள் மோட்டார் கேட்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

சார்ஜரையும் மாற்ற வேண்டியிருக்கும். எல்எஃப்பிக்கு 14.4 முதல் 14.6 வோல்ட் வரை தரும் அதற்கான சார்ஜர் தேவை. ஈய பேட்டரி சார்ஜர்கள் சிலவற்றில் பழைய பேட்டரியை 'உயிர்ப்பிக்கும்' முறை இருக்கும், அது லித்தியத்துக்குக் கெடுதல். சார்ஜரில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விமானத்தில் கொண்டுபோக முடியாது. லங்காவியில் ஆடப் போகிறீர்களா? 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் கைப்பையிலும் பெட்டியிலும் கொண்டுபோக அனுமதியில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் சம்மதம் வேண்டும்.

வீட்டில் எப்படி வைப்பது?

ஈய பேட்டரியைப் பயன்படுத்திய அன்றே முழுதாக சார்ஜ் செய்யுங்கள். காலியாகக் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு மீட்பது கடினம். சும்மா இருக்கும் காலத்திலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

லித்தியம் நேர்மாறு. நெடுநாள் பயன்படுத்தப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில், நிழலில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.

எதுவாக இருந்தாலும் வாசற்கதவருகே, படுக்கைக்கு அருகே, எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும். உப்பிய, அடிபட்ட, வெள்ளத்தில் மூழ்கிய லித்தியம் பேட்டரியை "ஒருதடவை போட்டுப் பார்க்கலாமே" என்று சோதிக்கக் கூடாது. வெள்ளம் நமக்குப் புதிதல்ல என்பதால் இதை மறக்க வேண்டாம்.

முடிந்த பேட்டரியை எங்கே போடுவது?

குப்பையில் அல்ல. 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிகளில் ஈய-அமில பேட்டரிக்கும் லித்தியம் பேட்டரிக்கும் தனித்தனி எண்களே உண்டு. பழைய ஈய பேட்டரிக்கு விலையும் உண்டு, பேட்டரிக் கடைகள் பலவற்றில் எடுத்துக்கொள்வார்கள். தூண்டில் ஈயக் குண்டுக்காக அதை உடைத்து வீட்டுப் பின்புறம் உருக்குவது மட்டும் கூடவே கூடாது. ஈயப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அமிலம் மண்ணில் இறங்கும்.

சரி, எதை வாங்குவது?

உங்களையே மூன்று கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை தடவை ஓட்டுவேன்? அதை யார் தூக்குவார்? எங்கே வைத்து சார்ஜ் போடுவேன்?

எப்போதாவது ஓட்டுவீர்கள், தூக்குவதும் சிரமமில்லை என்றால் நல்ல டீப் சைக்கிள் ஈய பேட்டரி போதும். வாரம் ஒருமுறைதான், ஆனால் முதுகு ஒத்துழைக்கவில்லை என்றால் எல்எஃப்பி. தினமும் அதை நம்பித்தான் அன்றைய கூலி என்றால், எப்படியாவது பணம் திரட்டி எல்எஃப்பி. கடைக்காரர் "ரெண்டாயிரம் தடவை" என்று சொல்லும்போது, அதை உங்கள் ஆண்டுக் கணக்கால் வகுத்துப் பாருங்கள். வரும் விடைதான் உங்கள் பதில்.