நற்பெயர் ஈட்டல் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்)

பிளிசார்ட் 2004இல் வெளியிட்ட இந்த இணைய விளையாட்டில், உச்சநிலையை எட்டிய வீரர்களைத் தொடர்ந்து ஆடவைக்கும் ஏற்பாடுகளுள் ஒன்று. கதையுலகக் குழுக்களிடம் நடுநிலையிலிருந்து உச்ச மதிப்பை அடைய 42,000 புள்ளிகள் தேவை. அதில் சரிபாதி கடைசிப் படிக்கே போய்விடும். ஒரே வகைப் பகைவரைச் சலிக்காமல் கொல்வதும் அன்றாடப் பணிகளும் வழக்கமான வழிகள். சவாரி விலங்கு, கவசம், பட்டம் ஆகியவை பரிசு. 'பித்தர்' பட்டம் பெறுவதோ தனி வேடிக்கை: கடற்கொள்ளையர் நட்புக்காகத் துறைமுகக் காவலர்களைக் கொன்று குவித்தவர், அதே துறைமுகத்தாரிடமும் உச்ச மதிப்பைப் பெற்றாக வேண்டும். 2012இல் வந்த பண்டாரியா விரிவாக்கம் நல்ல கவசங்களையே நற்பெயரோடு பிணைத்தது. விருப்பமாக இருந்தது கட்டாயமானதால் எதிர்ப்பு கிளம்பியது, நியாயமாகவே. 2022இன் டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்தில் முதன்மைக் குழுக்களுக்குப் படிக்கொரு பரிசு தரும் 'புகழ்' முறை வந்தது.