ஏலக்காயின் பச்சை நிறமும் வேதிவினை வகைப்பாடும்: ஒரு வரலாற்று நோக்கு

பள்ளி வேதியியல், வினைகளைச் சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் எனப் பகுத்துரைக்கிறது. இப்பகுப்பு எச்சூழலில் தோன்றியது, வட்டார நடைமுறையை எவ்வளவு விளக்கவல்லது என்னும் வினாக்களுக்குப் போடிநாயக்கனூர் ஏலக்காய் தக்க சான்றாகிறது.

இடப்பெயர்ச்சிக் கருத்தின் வேர் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உள்ளது. சுவீடன் நாட்டு வேதியியலாளர் டோர்பெர்ன் பெர்க்மன் 1775இல் வெளியிட்ட ஆய்வில், பொருள்களுக்கிடையிலான நாட்டத்தை ஒற்றை, இரட்டை என வகுத்தார். ஒரு சேர்மத்தின் கூறினை வேறொரு பொருள் வெளியேற்றுவது முதல் வகை. இரு சேர்மங்கள் தம் கூறுகளை மாற்றிக்கொள்வது இரண்டாம் வகை. டால்டனின் அணுக்கொள்கைக்கும் அயனிக் கொள்கைக்கும் முற்பட்ட இப்பகுப்பின் சாயல் இன்றைய பாடநூல்களிலும் காணப்படுகிறது.

ஏலமலைச் சரிவுகளில் பறிக்கப்படும் காய், போடி ஏல மையத்திற்கு வருமுன் உலர்த்தப்படுகிறது. ஏறத்தாழ 80 விழுக்காட்டு ஈரம் 10 முதல் 12 விழுக்காடாகக் குறைய வேண்டும். பச்சை நிறம் மங்கினால் விலையும் குறையும். வெப்பத்தால் திசு சிதையும்போது காயிலுள்ள அமிலங்கள் பச்சையத்தை அடைகின்றன. அதன் நடுவிலுள்ள மக்னீசியம் அயனி வெளியேற, இரு ஹைட்ரஜன் அயனிகள் அவ்விடத்தில் அமைகின்றன. மங்கிய பழுப்புப் பச்சையான பியோபைட்டின் உருவாகிறது. பச்சையத்தில் மக்னீசியத்தின் இடத்தைத் தெளிவாக்கிய ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், தாவர நிறமி ஆய்வுகளுக்காக 1915இல் நோபெல் பரிசு பெற்றார்.

நிறத்தைக் காக்க, காய்களை 2 விழுக்காடு சலவைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் ஊறவைப்பது பரிந்துரைக்கப்படும் முறை. சோடா அமிலத்தை நடுநிலையாக்குகிறது. அவ்வினையில் முதலில் இரட்டை இடப்பெயர்ச்சி நிகழ்கிறது. அதில் விளையும் கார்பானிக் அமிலம் பின்னர் நீராகவும் கார்பன் டைஆக்சைடாகவும் சிதைகிறது. பாடநூலின் இரு வகைகள் இங்கு அடுத்தடுத்து அமைகின்றன.

பச்சையத்தின் மாற்றமோ அவ்வாறு எளிதில் அடங்குவதில்லை. தாமிர சல்பேட்டுக் கரைசலில் இரும்பாணியை இடும் பாடநூல் சான்றில், தனித்த தனிமம் ஒன்று மற்றொன்றை இடம்பெயர்க்கிறது; எலக்ட்ரான் பரிமாற்றமும் நிகழ்கிறது. பச்சையத்திலோ தனித்த தனிமம் இல்லை. ஆக்சிஜனேற்ற எண்ணும் மாறுவதில்லை. வெளியேற்றுதல் என்னும் பெர்க்மனின் பரந்த கருத்துக்கு இது பொருந்தும். பின்னாளில் இறுகிய பாடநூல் வரையறைக்குப் பொருந்தாது. மேல்நிலை வகுப்பில் அறிமுகமாகும் 'பதிலீடு' என்னும் சொல்லே இதற்கு நெருக்கமானது.

எனவே ஐவகைப் பகுப்பை இயற்கையின் எல்லைக்கோடாகக் கற்பிப்பதைவிட, வரலாற்றில் உருவான கருவியாகக் கற்பிப்பதே பொருத்தம். நிறம் மங்குவதால் விலை குறைவதை வீட்டிலேயே அறிந்த மலையடிவார மாணவருக்கு, அம்மங்கலை எவ்வகையில் சேர்ப்பது என்னும் வினா தேர்வோடு முடிவதன்று.