கார் செய்யாமலே காருக்குக் காப்புரிமை வாங்கியவர்

வணிகவியல் படிக்கிற நமக்குக் காப்புரிமை என்றால் என்ன? இருப்புநிலைக் குறிப்பில் 'புலனாகாச் சொத்து' என்ற தலைப்பின் கீழ், நற்பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தொகை. வருடா வருடம் கொஞ்சம் போக்கெழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை அடிதடி நடக்கும் என்று பாடப்புத்தகம் சொல்வதில்லை. அமெரிக்கக் கார் தொழிலையே பத்து வருடத்துக்கு மேல் ஆட்டிவைத்த ஒரு காப்புரிமையின் கதை இது.

நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் என்று ஒரு ஊர். அங்கே ஜார்ஜ் செல்டன் என்ற வக்கீல் இருந்தார். அவருக்குத் தொழிலே காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பதுதான், ஆனால் மனசு முழுக்க இயந்திரங்கள் மேல். 1876-ல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய கண்காட்சியில் பிரேட்டன் என்பவருடைய எஞ்சினைப் பார்த்தார். இதையே எடை குறைத்துச் செய்தால் குதிரை இல்லாமல் வண்டி ஓட்டலாமே என்று தோன்றியது. 1879 மே மாதம் விண்ணப்பம் போட்டார். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர், அப்போது அதே ஊரில் வங்கி குமாஸ்தாவாக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன். ஆமாம், பின்னாளில் கோடாக் கம்பெனி ஆரம்பித்தாரே, அவரேதான்!

செல்டன் கேட்டது எஞ்சினுக்கு மட்டும் உரிமை அல்ல. எஞ்சின், கிளட்ச், சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் அமைப்பு, வண்டி எல்லாம் சேர்ந்த மொத்த ஏற்பாட்டுக்கும் கேட்டார். எஞ்சினைக் கொஞ்சம் செய்து பார்த்திருந்தார். கார் என்று ஒன்றை அவர் செய்யவே இல்லை.

இனிமேல்தான் வேடிக்கை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் 17 வருடம். அது விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஓடாது, உரிமை வழங்கிய நாளிலிருந்துதான் ஓடும். அலுவலகம் ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல இரண்டு வருடம் அவகாசம் உண்டு. விண்ணப்பத்தை வெளியில் யாரும் பார்க்கவும் முடியாது. வக்கீலுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? கேள்வி வரும், அவகாசம் முடியும் தறுவாயில் பதில் போகும், கூடவே ஒரு திருத்தமும். இப்படியே 16 வருடம்! 1879-லேயே உரிமை வாங்கியிருந்தால் கார் யாரும் வாங்காத காலத்திலேயே அது காலாவதி ஆகியிருக்கும். சந்தை முளைக்கத் தொடங்கிய 1895 நவம்பர் 5 அன்று, 549160 என்ற எண்ணோடு காப்புரிமை அவர் கைக்கு வந்தது. சட்டத்தை அவர் மீறவில்லை. சட்டம் கொடுத்த இடத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

1899-ல் அந்த உரிமை எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனியின் கைக்குப் போனது. பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகள் விட்டுக்கொண்டிருந்த கம்பெனி அது. சொந்தத் தொழில் சரியாகப் போகவில்லை, சரி, அடுத்தவன் செய்யும் பெட்ரோல் காரிலாவது வசூல் பண்ணலாம் என்று கணக்குப் போட்டார்கள். வின்டன் என்ற பெரிய தயாரிப்பாளர் மேல் முதலில் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 1903-ல் வின்டன் உட்படப் பல தயாரிப்பாளர்கள் சமாதானமாகி, 'உரிமம் பெற்ற மோட்டார் வாகன உற்பத்தியாளர்கள் சங்கம்' என்று ஒன்றை அமைத்தார்கள். காரின் விலையில் 1.25 சதவீதம் உரிமத்தொகை. அதில் ஐந்தில் ஒரு பங்கு செல்டனுக்கு, மீதியைக் கம்பெனியும் சங்கமும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும்.

850 டாலர் காருக்கு 1.25 சதவீதம் என்றால் பத்தரை டாலருக்குக் கொஞ்சம் மேலே. இதற்கா இவ்வளவு சண்டை என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் பிரச்சினை பணத்தில் இல்லை, கதவில் இருந்தது. யாருக்கு உரிமம் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைச் சங்கமே முடிவு செய்யும். அதாவது ஏற்கெனவே கடை போட்டிருப்பவர்கள் புதிதாகக் கடை போட வருபவனைப் பார்த்து, நீ வரலாமா வேண்டாமா என்று சொல்வார்கள். கடைத்தெருவில் இதற்குப் பெயர் வேறு.

அந்த வருடம் ஜூன் மாதம்தான் ஹென்றி ஃபோர்டின் கம்பெனி பிறந்திருந்தது. ரொக்கமாகச் சேர்ந்த முதல் 28,000 டாலர். அதற்கு முன் இரண்டு கம்பெனிகளில் அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. ஃபோர்டு தரப்பு சங்கத்தை அணுகியபோது, பிறர் செய்யும் பாகங்களை வாங்கிப் பூட்டுகிறவர்தானே என்று தட்டிக்கழித்தார்களாம். 1903 அக்டோபரில் வழக்கும் வந்தது. ஃபோர்டு மேல் மட்டுமல்ல, அவருடைய காரை விற்ற நியூயார்க் முகவர் மேலும் போட்டார்கள். உரிமம் இல்லாத கார் வாங்கினால் கூடவே ஒரு வழக்கையும் வாங்குகிறீர்கள் என்று பத்திரிகை விளம்பரங்களில் பயமுறுத்தினார்கள். ஃபோர்டும் விடவில்லை. என் காரை வாங்குகிறவருக்கு வழக்கால் நட்டம் வந்தால் நான் பொறுப்பு என்று விளம்பரம் கொடுத்தார், பிறகு எழுத்தில் உறுதிப் பத்திரமே தர முன்வந்தார். அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கியவர்கள் மிகச் சொற்பம். விளம்பரச் செலவு இல்லாமல் கிடைத்த விளம்பரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாட்சியம் பல ஆயிரம் பக்கங்களுக்கு நீண்டது. செல்டன் தரப்பு பழைய வரைபடத்தை வைத்து ஒரு காரை இப்போது செய்து, பக்கவாட்டில் 1877 என்று பெரிதாக எழுதிக்கொண்டு வந்தது! அது சரியாக ஓடவே மாட்டேன் என்று மக்கர் பண்ணியது. செல்டனுக்கு முன்பே வழி தெரிந்திருந்தது என்று காட்ட, ஃபோர்டு தரப்பு 1860-ம் வருடத்து லெனுவார் எஞ்சின் முறையில் ஒரு காரைச் செய்து ஓட்டிக் காட்டியது. 1907 டிசம்பரில் எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி திவாலாகிவிட்டது. கம்பெனி போனாலும் காப்புரிமைக்கு ஒன்றும் ஆகவில்லை, வழக்கு தொடர்ந்தது.

1909 செப்டம்பரில் தீர்ப்பு. ஃபோர்டுக்குத் தோல்வி. வெளியே நின்ற பல கம்பெனிகள் அவசர அவசரமாக உரிமம் வாங்கின. மாடல் டி வெளிவந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. ஃபோர்டு மேல்முறையீடு போனார்.

1911 ஜனவரி 9 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். காப்புரிமை செல்லும், ஆனால் ஃபோர்டு அதை மீறவில்லை! எப்படி? பிரேட்டன் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் வெளியே அழுத்தப்பட்டு, உருளைக்குள் நுழையும்போது சீராக எரியும். ஜெர்மனியின் ஓட்டோ 1876-ல் கொண்டுவந்த எஞ்சினில் உருளைக்குள்ளேயே அழுத்தி, உள்ளேயே வெடிக்க வைப்பார்கள். செல்டன் எழுதிவைத்தது முதல் வகை. ஃபோர்டும் சரி, கப்பம் கட்டிக்கொண்டிருந்த மற்றவர்களும் சரி, செய்தது ஓட்டோ வகை. அதாவது எட்டு வருடமாக ஊரே யாரும் பயன்படுத்தாத ஒரு எஞ்சினுக்காக உரிமத்தொகை கட்டியிருக்கிறது.

காப்புரிமைக்கு இன்னும் ஒன்றே முக்கால் வருடம்தான் ஆயுள் பாக்கி. அதனால் மேலே போகாமல் விட்டுவிட்டார்கள். சில நாட்களிலேயே சங்கம் வைத்த விருந்துக்கு ஃபோர்டும் வந்திருந்தார்.

சங்கத்தை முழு வில்லனாக்கவும் முடியாது. அதன் இயந்திரப் பிரிவு, ஆளுக்கு ஒரு அளவில் திருகாணி செய்துகொண்டிருந்த கம்பெனிகளுக்குப் பொது அளவுகள் வகுக்க ஆரம்பித்தது. அந்த வேலை பிறகு வாகனப் பொறியாளர்கள் சங்கத்தின் கைக்குப் போனது. சூடுபட்ட கம்பெனிகள் 1915-ல் வேறொரு ஏற்பாடும் செய்துகொண்டன. உறுப்பினர்கள் தங்கள் காப்புரிமைகளை ஒருவருக்கொருவர் பணம் வாங்காமல் திறந்துவிடுவது. ஃபோர்டு அதில் சேரவில்லை. கூட்டம் கண்டாலே ஒவ்வாமை போலிருக்கிறது :-)

செல்டன் 1922-ல் இறந்தார். 1907 வாக்கில் அவர் பெயரில் ஒரு கார் கம்பெனி உண்மையாகவே ராச்செஸ்டரில் நடந்தது, பிறகு லாரிக்கு மாறியது.

அவர் புகுந்த சந்து மட்டும் வெகுகாலம் அடைபடவில்லை. இப்படி வருடக்கணக்கில் அடியில் கிடந்து திடீரென்று மேலே வருவதற்கு 'நீர்மூழ்கிக் காப்புரிமை' என்று பெயரே வைத்தார்கள். 1995 ஜூனுக்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களுக்குத்தான் அமெரிக்காவில் ஆயுளை விண்ணப்ப நாளிலிருந்து 20 வருடம் என்று மாற்றினார்கள். இந்தியாவிலும் இப்போது அதே கணக்குதான். விண்ணப்பமும் 18 மாதத்தில் வெளியிடப்பட்டுவிடும். ஜெரோம் லெமல்சன் என்பவரின் தரப்பு பார்கோடு, இயந்திரப் பார்வை சம்பந்தமான பழைய விண்ணப்பங்களை வைத்து நூறு கோடி டாலருக்கும் மேல் வசூலித்துவிட்டது. அவர் 1997-ல் இறந்தார். இவ்வளவு தாமதம் நியாயமில்லை, அந்தக் காப்புரிமைகளை அமல்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொன்னது 2004-ல்.