1991 என்று ஒரு கெடு

புக்கிட் பாஞ்சாங்கில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த 1980களில் சிங்கப்பூர் அரசு ஒரு கெடு வைத்தது. கட்டுமானம் போன்ற சில துறைகள் நீங்கலாக, 1991 முடிவதற்குள் வெளிநாட்டு ஊழியர் இல்லாமலே சமாளிப்பது! மலிவாக ஆள் கிடைக்கும்வரை முதலாளி இயந்திரம் வாங்கமாட்டார் என்றார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால், கதவைத் திறந்ததும் அவர்கள்தான். 1965இல் வேலையில்லாத் திண்டாட்டம். குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பர்மிட் கட்டாயமானது. ஆலைகள் பெருகியதும் ஆள் போதவில்லை. 1978இல் மலேசியாவுக்கு அப்பாலும், இந்தியா, இலங்கை, தாய்லாந்து என்று ஆள் எடுக்க அனுமதித்தார்கள். மூன்றே ஆண்டில் மனம் மாறி, அந்தக் கெடு வந்தது.

1985இல் பொருளாதார மந்தம் வந்தது. மீண்டு எழுந்தபோது மறுபடி ஆள் தேவைப்பட்டது. 1987இல், ஊழியரை அனுப்பிவிடுவதற்குப் பதில், முதலாளி கட்டவேண்டிய தீர்வையும் ஆள் எண்ணிக்கைக்கு ஒதுக்கீடும் வந்தன. கெடுவைப் பற்றிய பேச்சு அடங்கிப்போனது. கொள்கை மாற்றங்களில் இதுதான் ஆகக் கெட்டிக்காரத்தனமானது என்பேன். வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம், வேண்டும் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். விலையை ஏற்றி இறக்கினால் போதும். இன்று கட்டுமானத்தில் உயர்தேர்ச்சி பெற்ற இந்திய ஊழியருக்கு முதலாளி மாதம் 500 வெள்ளி தீர்வை கட்டுகிறார், மற்றவருக்கு 900. புதிதாக வருகிறவரின் அடிப்படைச் சம்பளம் பல சமயம் அந்த 900ஐ எட்டுவதில்லை.

2013இல் மக்கள்தொகை 2030க்குள் 69 லட்சம் வரை போகலாம் என்றது அரசின் வெள்ளை அறிக்கை. அதை எதிர்த்து ஹொங் லிம் பூங்காவில் கூட்டம் திரண்டது.  2020இல் கொவிட் பரவ, வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகள் அடைக்கப்பட்டன. அதே ஆண்டுத் தேர்தலில் எதிர்க்கட்சியான சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி வெளிநாட்டார் வருகையைப் பெரிய கேள்வியாக்கியது. புக்கிட் பாஞ்சாங்கில் அதன் வேட்பாளர் பால் தம்பையா 46 விழுக்காட்டு வாக்கு வாங்கி, ஆளுங்கட்சியின் லியாங் எங் ஹுவாவிடம் தோற்றார். விடுதிகளில் அடைபட்டிருந்தவர்களுக்கு ஓட்டு கிடையாது.

2025 ஜூலையில் இன்னொரு திருப்பம். பர்மிட் ஊழியருக்கு 14 முதல் 26 ஆண்டு வரை இருந்த பணிக்கால உச்சவரம்பு எடுக்கப்பட்டது. வயது வரம்பு 60இலிருந்து 63 ஆனது. ஆள் இருக்கலாம், ஆனால் இஷ்டப்படி கம்பெனி மாற முடியாது. கட்டுமான ஊழியர் முதலாளியின் சம்மதமின்றி மாற வேண்டுமானால், பர்மிட் முடிய 40 நாளுக்கும் 21 நாளுக்கும் இடைப்பட்ட வாரங்களில்தான் வழி. அதற்குள் புதுக் கம்பெனி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் ஒன்று பழைய இடம், இல்லையேல் ஊருக்கு டிக்கெட்.