கொழுந்தும் கொழுப்பும்

தமிழில் 'நெய்' என்பது மிகப் பழைய சொல். ஆவின் பாலைக் கடைந்து எடுத்ததையும் வித்துக்களை ஆட்டி எடுத்ததையும் முன்னோர் அவ்வொரு சொல்லாலேயே குறித்தனர். எள்ளின் நெய் எண்ணெய் எனப்பட்டது. பின்னர் அப்பெயர் எல்லா வித்தின் நெய்க்கும் பொதுவாகவே, எள்ளின் நெய்யை நல்லெண்ணெய் எனப் பிரித்துக் கூற வேண்டியதாயிற்று. தோற்றத்தால் வேறுபட்ட பொருள்களை ஓரினமாகக் கண்ட அப்பகுப்பை இக்கால இரசாயனவியலும் உடன்படுகின்றது. கொழுப்பு, எண்ணெய், மெழுகு முதலியவற்றை அறிவியலார் இலிப்பிட்டுக்கள் என ஒருங்கே வழங்குவர். இவற்றின் இயல்பு அறியப்பட்ட வரலாறும், அவ்வறிவு பதுளையையும் ஊவா மாகாணத் தோட்டங்களையும் தொடும் வகையும் ஆராயத்தக்கன.

பிரான்சிய அறிஞர் மிசேல் செவ்ரல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சவர்க்காரத்தை ஆராயப் புகுந்தார். கொழுப்பைக் காரத்தோடு காய்ச்சினால் அதிலிருந்து கிளிசரோலும் கொழுப்பமிலங்களும் பெறப்படும் என்பதை நிறுவி, 1823இல் தம் முடிபுகளை நூலாக வெளியிட்டார். கிளிசரோல் என்னும் சிறு மூலக்கூற்றில் மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் பிணைந்திருப்பதே கொழுப்பின் பொதுவமைப்பு. அச்சங்கிலிகள் நிரம்பியனவாயின் நேராக நின்று ஒன்றோடொன்று நெருங்கிப் படியும். நிரம்பாதனவாயின் இடையே வளைந்து நெருங்காது விலகும். தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய அமிலங்களே. ஆதலின் பண்டாரவளையின் மார்கழிக் குளிரில் அது போத்தலில் உறைந்து வெண்மையாகின்றது. அதே அடுப்படியில் நல்லெண்ணெய் உறையாது நிற்கின்றது. இல்லத்துப் பெண்டிர் நாடோறுங் காணும் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் சங்கிலியின் நிமிர்வும் வளைவுமேயாம்.

கொழுப்பு உடலின் எரிபொருள் மாத்திரம் என நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஒரு கிராம் மாப்பொருள் நான்கு கிலோகலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு ஒன்பது தருவதால் அவ்வெண்ணம் பிழையன்று. எனினும் அது முழுமையன்று. 1925இல் ஒல்லாந்து தேசத்து அறிஞர்களான கோர்ட்டர், கிரெண்டல் என்போர் செங்குருதிக் கலங்களின் இலிப்பிட்டைப் பிரித்தெடுத்து நீரின்மேற் பரப்பினர். அது பரந்த இடம் அக்கலங்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்காயிற்று. ஆகவே, கலத்தைப் போர்த்திருக்கும் மென்சவ்வு இரண்டு படைகளாலானது என அவர்கள் முடிவு செய்தனர். பொசுபோலிப்பிட்டு மூலக்கூற்றின் தலை நீரை நாடும். வால் நீரை வெறுக்கும். தலைகள் புறத்தே நோக்க, வால்கள் அகத்தே ஒளிய, இரு வரிசையாக அவை நிற்கின்றன. உயிருள்ள கலம் ஒவ்வொன்றும் இவ்விலிப்பிட்டு வேலியினாலேயே தன்னைப் புறவுலகிலிருந்து பிரித்துக்கொள்கின்றது.

உணவிற் கொழுப்பின் இன்றியமையாமையும் இக்காலத்திலேயே வெளிப்பட்டது. 1913இல் அமெரிக்காவில் மக்கொலம், டேவிஸ் என்போர் வெண்ணெயிலும் முட்டையின் மஞ்சட் கருவிலும் வளர்ச்சிக்கு வேண்டிய ஒரு பொருள் உண்டெனக் கண்டனர். அது பின்னர் விற்றமின் ஏ எனப்பட்டது. 1929இல் பர் தம்பதியர் கொழுப்பு நீக்கிய உணவால் எலிகள் தோல் செதிலாகி வளர்ச்சி குன்றுவதைக் காட்டினர். இலினோலேயிக்கமிலம் போன்ற சிலவற்றை உடல் தானே ஆக்கவியலாது என்பது இவ்வழியால் தெளிவாயிற்று. இலங்கையும் இவ்வரலாற்றிற் பங்கு கொண்டது. கொழும்பில் நுண்ணுயிரியல் ஆய்வு நிலையத்திற்குத் தலைவராயிருந்த லூசியஸ் நிக்கல்ஸ், தோல் தேரையின் தோல்போற் சொரசொரப்பாகும் நோயை 1933இல் விளக்கி, அது விற்றமின் குறைவால் நேர்வதென்றார். விற்றமின் ஏயின் குறைவோடு இன்றியமையாக் கொழுப்பமிலங்களின் குறைவும் அதற்குக் காரணமாகலாம் எனப் பிற்கால ஆய்வாளர் கருதினர்.

இவ்வாராய்ச்சிகள் நிகழ்ந்த காலத்து ஊவாவின் நிலை யாது? 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பி அழிந்தபின் மலைச்சரிவுகளைத் தேயிலை மூடியது. 1924இற் புகையிரதம் பதுளையை எட்டிற்று. தமிழகத்திலிருந்து வந்த குடும்பங்கள் லயங்களில் வாழ்ந்து கொழுந்து பறித்தன. தோட்டம் வழங்கிய உணவு பெரும்பாலும் அரிசியே. அதன் விலையும் வேதனத்திற் கழிக்கப்பட்டது. பிற்காலத்திற் கோதுமை மா ரொட்டி அரிசியின் இடத்தைப் பெரிதும் பற்றிக்கொண்டது. தென்னை செழிப்பது குருநாகல், புத்தளம், கம்பகா முதலிய தாழ்நிலங்களிலாதலின், உயர்மலையில் தேங்காய் விலைகொடுத்து வாங்கும் பொருளாயிற்று. வயிறு நிரம்பினும் நெய்ப்பசை குறைந்த உணவே பலருக்கு வாய்த்தது.

இதற்கிடையே கொழுந்து இலிப்பிட்டில் வறுமையுற்றதன்று. பச்சையிலையின் மென்சவ்வுகளில் இலினோலெனிக்கமிலம் செறிந்துள்ளது. தொழிற்சாலையில் இலை வாடி உருளும்போது மென்சவ்வு குலைகின்றது; நொதியங்கள் அவ்வமிலத்தோடு ஒட்சிசனைச் சேர்த்து உடைக்கின்றன; பசுந்தழையின் மணமுடைய சிறு மூலக்கூறுகள் எழுகின்றன. இலையிலுள்ள கரோட்டின் சிதைந்து, மலர்மணம் வீசும் அயனோன் பிறக்கின்றது. ஆடி, ஆவணித் திங்கள்களிற் கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு வீச, ஊவாத் தேயிலை தன் தனி மணத்தைப் பெறுகின்றது. அம்மணத்திற்கு வேறு பொருள்களும் காரணமாயினும், இலிப்பிட்டின் பங்கு சிறிதன்று.

ஈண்டு ஓர் உண்மை கருதத்தக்கது. தேயிலையில் உடைந்து மணமாகும் அதே கரோட்டின், மனிதரின் குடலில் உடைந்து விற்றமின் ஏ ஆகின்றது. கண்ணொளியையும் தோலையும் காக்கின்றது. ஆனால் தேநீர் வாயிலாக அது போதிய அளவிற் கிட்டாது. கீரையின் வாயிலாகக் கிட்டும். அங்ஙனம் கிட்டுதற்கும் உணவிற் சிறிது கொழுப்பு உடனிருத்தல் வேண்டும். எண்ணெயின்றி அவித்த கீரையின் கரோட்டினிற் பெரும்பகுதி உறிஞ்சப்படாதே கழியும். தாய்ப்பால் தரும் சக்தியில் ஏறக்குறைய அரைப்பங்கு கொழுப்பினின்றே வருகின்றது. குழந்தையின் மூளை வளர்தற்கு வேண்டும் கொழுப்பமிலங்கள் தாயின் உணவைச் சார்ந்தன. ஆகவே தாயின் அகப்பை எண்ணெயைச் செலவென எண்ணிக் குறைப்பது, குழந்தையின் வளர்ச்சியிற் குறைப்பதாகும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, நாடளாவிய நிலையில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமற்றவராயிருந்தனர். தோட்டத்துறையிலோ அத்தொகை 32. இதற்குக் கொழுப்பின் குறைவொன்றே காரணம் என்பது பொருந்தாது. புரதக் குறைவு, தொற்றுநோய், நெருக்கடியான வாழிடம், தாயின் உழைப்புச் சுமை ஆகிய யாவும் கூடியே இக்கேட்டை விளைக்கின்றன. கொழுப்பை அளவின்றி உண்பது இதயத்திற்குத் தீங்கென்பதும் மறக்கத்தக்கதன்று. எனினும், நகரத்தாருக்கு உரைக்கும் 'எண்ணெயைக் குறை' என்னும் அறிவுரையை, செங்குத்தான சரிவில் நாள்முழுதும் கூடை சுமக்கும் தாய்க்கும் அவள் சேய்க்கும் அவ்வாறே உரைத்தல் தகாது. கீரையோடு ஒரு கரண்டி எண்ணெய், இயன்றபோது முட்டை, நெத்தலி, நிலக்கடலை என்பன அவர்கள் உணவிற் சேரவேண்டும். அவற்றை வாங்கும் ஆற்றலுள்ளதாக வேதனமும் அமையவேண்டும்.

செவ்ரல் காலந்தொட்டு இரு நூற்றாண்டுகளாக ஈட்டிய அறிவு கொழுந்தின் மணத்தை விளக்கிற்று. சந்தையில் அம்மணத்திற்கு விலையும் உண்டு. அக்கொழுந்தைப் பறிக்கும் கைகளுக்குரிய உணவையும் அவ்வறிவே காட்டியுள்ளது. முன்னதைப் போலவே பின்னதும் செயற்படும் நாளிலேயே அவ்வறிவு ஊவா மலைகளில் முழுப்பயன் பெற்றதாகும்.